கார்டு பெட்டிக்கு ஒரு சைக்கிள்

கண்ணாடிக்கடையின் உள்ளறையில், கதவைச் சாத்தி விளக்கைக் குறைத்துவிட்டு, பெரியவள் இருபத்துநாலு வருஷமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "இது நல்லா தெரியுதா, இல்ல இது நல்லா தெரியுதா?" வருகிறவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி ஒரு வில்லையைப் போடுவாள், எடுப்பாள், வேறொன்றைப் போடுவாள். அவர் சுவரில் இருக்கிற எழுத்துகளை முறைத்து முறைத்துப் பார்த்துவிட்டு, "முதல்ல போட்டதே தேவலை" என்பார். ஊரில் பாதிப் பேருக்கு எது தெளிவு என்று கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள்தான். ஆனால் அவளிடம், "உனக்கு இது வேணுமா, அது வேணுமா?" என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

பெரியவள் என்று சொல்வதெல்லாம் அவளுக்கு ஒரு தங்கை இருப்பதால்தான். மற்றபடி அவளிடம் பெரிசாக ஒன்றும் கிடையாது. உயரம் ஐந்தடி. குரல், பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். அம்மா படுக்கையில் விழுந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. அதற்கப்புறம் பதினோரு வருஷம் அம்மா எழுந்திருக்கவே இல்லை. முன்னறையில், கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயர்கிற இரும்புக் கட்டில். காலையில் உடம்பு துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டுக் கடைக்கு ஓடுவாள். மத்தியானம் ஓடிவந்து அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பாள். மறுபடி ஓட்டம். சின்னவள் மாசத்துக்கு ஒரு தடவை பழப்பையோடு வந்து, அம்மா கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, "அக்கா இருக்கிறதால எனக்குக் கவலையே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவாள். கவலை எப்படி வரும்? ஒரு நாளாவது அந்தப் படுக்கை விரிப்பைத் துவைத்துப் போட்டிருந்தால் வந்திருக்கும்.

அம்மா போனாள். கட்டிலையும் எடுத்துப் போனார்கள். அதன் நாலு கால் நின்ற இடத்தில் தரையில் நாலு துருக்கறை மிச்சம். பெரியவள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, அந்தக் கறைகளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். மூன்று மாசம் இப்படிப் போன பிறகு, சின்னவளுக்குத் திடீரென்று பாசம் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்படியே உட்கார்ந்திருந்தா பைத்தியம்தான் பிடிக்கும்க்கா. ஞாயித்துக்கிழமை எங்ககூட சைக்கிள்ல வா. காத்தாட இருக்கும்."

"என்கிட்ட இருக்கிறது கூடை வெச்ச பழைய வண்டிடீ."

"அதனால என்ன? நாங்க என்ன பந்தயமா விடுறோம்? எல்லாரும் ஒண்ணாத்தான் போவோம்."

ஒண்ணாத்தான் போவார்களாம்! கேளுங்கள் அந்தக் கூத்தை.

சின்னவளின் வீட்டுக்காரர் ஒரு சைக்கிள் கோஷ்டி வைத்திருந்தார். ஏழு பேர். லிஃப்ட் மாட்டுகிற கம்பெனியில் மேற்பார்வை வேலை அவருக்கு. கோஷ்டியில் அவருக்குப் பேர் கேப்டன், அதுவும் அவரே வைத்துக்கொண்டது. எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சட்டை தைத்துக் கொடுத்து, அதன் முதுகில் 'யாரையும் விட்டுவிட்டுப் போகமாட்டோம்' என்று அச்சடித்ததும் அவர்தான். அந்த வாசகத்தைப் பின்னாலிருந்து படிக்கிற பாக்கியம் பெரியவளுக்குத்தான் வாய்த்தது. அதுவும் முதல் பத்து நிமிஷம் மட்டும். அப்புறம் அது அவள் கடைச் சுவரில் இருக்கிற எழுத்துப் பலகையின் கடைசி வரி மாதிரிப் பொடிசாகிப் பொடிசாகிக் காணாமல் போய்விடும்.

வழி எப்போதும் ஒன்றுதான். பதினெட்டு கிலோமீட்டர் தார் ரோடு. அது முடிகிற இடத்தில் வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம். பாலத்தைத் தாண்டினால், நீர்த்தேக்கத்தைச் சுற்றிக்கொண்டு மேட்டில் இருக்கிற தண்ணீர்த் தொட்டிவரை பன்னிரண்டு கிலோமீட்டர் சரளை. பாலத்துக்கு இடுப்பளவு கைப்பிடிச் சுவர் உண்டு, மேலே புங்கமரத்து நிழல். அங்கேதான் எல்லாரும் நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேருகிறவரை யாரும் நகரக்கூடாது. இது கேப்டன் போட்ட சட்டம்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கேப்டனும் பல் டாக்டரும் முதலில் வந்துவிடுவார்கள். சைக்கிளைச் சாய்த்து, சுவரில் ஏறி உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, காலை நீட்டி, பதினைந்து நிமிஷம் ஊர்க்கதை பேசுவார்கள். அடுத்து வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு நிமிஷம், சின்னவளுக்குப் பத்து. கடைசியில் பெரியவள், முகம் சிவந்து, மூச்சு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள, லொடலொடவென்று கூடையோடு வந்து காலை ஊன்றுவாள். அவள் கால் தரையில் பட்டதோ இல்லையோ, சுவரில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொள்வார்கள்.

"அக்கா வந்தாச்சு. கிளம்பலாமா?"

காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட மாதிரி கிளம்பிவிடுவார்கள். அதாவது, ஓய்வு யாருக்குத் தேவையோ அவளுக்கு ஓய்வு கிடையாது. யாருக்குத் தேவையில்லையோ அவர்களுக்குக் கால் மணி நேரம். இதில் அவளுக்காகக் காத்திருந்தோம் என்கிற பெருமை வேறு. "உங்களுக்காகத்தான்க்கா இவ்வளவு நேரம் நின்னோம்" என்று கேப்டன் சொல்லும்போது, அவள் மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கிறாள்.

மூன்றாவது வாரமே அவளுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். ரயிலின் கடைசியில் வருமே, கார்டு பெட்டி, அதுதான். பல் டாக்டர் வைத்தது. "கார்டு பெட்டி தெரியுதா பாருங்க, தெரிஞ்சாத்தான் ரயில் முழுசா வந்ததா அர்த்தம்." எல்லாரும் சிரித்தார்கள். சின்னவள் எல்லாரையும்விடக் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாள்.

சிரிக்காதவர் ஒருத்தர் உண்டு. பூட்டுக்காரர். அறுபத்தொரு வயது, இரண்டு முழங்காலும் மக்கர். கண்ணாடிக்கடைக்கு நாலு கடை தள்ளி, மாடிப்படிக்கு அடியில் சாவி வெட்டுகிற பொட்டிக்கடை. மருமகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. லீவு நாளில் கிழவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் பாத்திரம் தானாக உருளும். அதனால்தான் கோஷ்டியில் சேர்ந்தார். மூன்று பழைய சைக்கிளைப் பிரித்து ஒன்றாக்கின வண்டி அவருடையது. பெரியவள் வருகிறவரைக்கும் கடைசி ஆள் அவர்தான். இப்போது கடைசிக்கு முந்தின ஆள். அவர் வந்து இறங்கிச் சரியாக நாலு நிமிஷம் கழித்துப் பெரியவள் வருவாள். அந்த நாலு நிமிஷம் அவர் சுவரில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொள்வார்.

"உங்க புண்ணியத்துலதாம்மா நான் உட்காரவே செய்யறேன்" என்று ஒரு நாள் அவளிடம் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. நன்றியாகச் சொன்னார்.

எட்டு மாசம் இப்படியே ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் முன்னாலேயே ஏறிவிட்டது. பாலத்துக்கு வந்தபோது பெரியவளுக்குக் கண் இருட்டியது.

"மாப்பிள்ளை, ஒரே ஒரு நிமிஷம். ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேன்" என்றாள்.

கேப்டன் ஏற்கெனவே சீட்டில் ஏறியாகிவிட்டது. "வெயில் ஏறுதுக்கா. ஓட்டிக்கிட்டே குடிங்க. அதுதான் உடம்புக்கு நல்லது. பழகிக்கணும்."

பழகிக்கொள்ளத்தான் பார்த்தாள், பாவம். ஒரு கை கைப்பிடியில், ஒரு கை பாட்டிலில், கீழே உருளுகிற சரளை. முன் சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது, அவள் ஒரு பக்கம் போனாள். முழங்கை தோல் வழண்டு, தண்ணீரெல்லாம் மண்ணில் கொட்டிவிட்டது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பல் டாக்டர் அங்கிருந்தே, "பல்லு ஏதும் உடைஞ்சா சொல்லுங்க, ஞாயித்துக்கிழமையும் பாப்பேன்!" என்று கத்தினார். சின்னவள், "பாத்து வாக்கா" என்றாள். பூட்டுக்காரர் மட்டும் இறங்கி, வண்டியை நிமிர்த்திக் கொடுத்து, தன் பாட்டிலை நீட்டினார்.

அன்றைக்குத்தான் அவள் தீர்மானம் செய்தாள். ஜெயிக்க வேண்டாம், யாரையும் முந்திக் கிழிக்க வேண்டாம். அந்தச் சுவரில், இன்னொருத்தர் வருகிறவரை, ஒரு தடவை உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. நாற்பத்தெட்டு வயசில் ஒரு மனுஷி ஆசைப்பட்டது அதற்குத்தான் என்று சொன்னால் சிரிப்பு வரும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

நல்ல சைக்கிள் வாங்கப்போகிறேன் என்று அவள் வாயைத் திறந்ததும், ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். கேப்டன் தன் கொல்லையில் கிடக்கும் பழைய மலைச் சைக்கிளை அவள் தலையில் கட்டப் பார்த்தார். ஆறடி ஆளுக்குச் செய்த வண்டி. அதில் ஏறினால் அவள் கால் தரைக்கு எட்டவில்லை, அந்தரத்தில் ஆடியது. "போகப் போக எட்டும்க்கா" என்றார். இனிமேல் வளருவாள் என்று நினைத்தாரோ என்னவோ! பல் டாக்டர், தன்னுடையதைப் போல இரண்டு விரலால் தூக்கக்கூடிய பந்தய வண்டி வாங்கச் சொன்னார். அதன் டயர் கட்டை விரல் அகலம்கூட இல்லை. சரளையில் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "தள்ளிக்கிட்டு வாங்க, எப்படியும் நாங்க நிப்போம்ல" என்றார். சின்னவள் சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் மேலே. "இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா இதெல்லாம்? வண்டியா ஓடுது, காலுதானே ஓடுது."

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பெரியவள் மாடிப்படிக்கு அடியில் போய் நின்றாள். பூட்டுக்காரர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"எதை வாங்குறதுன்னு தெரியலண்ணே."

அவர் சாவி வெட்டுகிற இயந்திரத்தை நிறுத்தினார். கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். அவள் வேகமாக வந்தால் கடைசி ஆள் யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஏதாவது ஒரு கனத்த வண்டியைக் கைகாட்டிவிட்டிருந்தால் போதும், அவருடைய நாலு நிமிஷம் அப்படியே இருந்திருக்கும். அந்த மனுஷனுக்கு அது வரவில்லை.

"முதல்ல உங்க அளவு. உங்க உயரத்துக்குச் சின்ன ஃப்ரேம்தான் வேணும். அளவு சரியில்லன்னா அது எப்பேர்ப்பட்ட வண்டியானாலும் வேண்டாம். ரெண்டாவது, டயர். தார்லயும் உருளணும், சரளைலயும் பிடிக்கணும். மூணு விரல் அகல டயர் போற அளவுக்கு இடம் இருக்கான்னு விரலை விட்டுப் பாருங்க. முன்னாடி ஸ்பிரிங் வெச்சதைக் காட்டுவான், சுகமாத்தான் இருக்கும், வாங்கிடாதீங்க. தார் ரோட்டுல உங்க பலத்தையெல்லாம் அது தின்னுடும். பின்னால பெரிய பல்சக்கரம் சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கணும், மேட்டுல அதுதான் உங்களைத் தூக்கிவிடும். கைப்பிடி கீழ வளைஞ்சு, நுனி கொஞ்சம் வெளிய விரிஞ்சிருக்கணும், எதிர்காத்துல குனிஞ்சுக்கலாம். அப்புறம், கடை வாசல் வழவழ தரையில ஓட்டிப் பாத்து ஏமாந்துடாதீங்க. சரளை எங்க இருக்குன்னு கேட்டு, அங்க போய் ஓட்டிப் பாருங்க."

அவள் கண்ணாடி அளவு எழுதுகிற சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுந்திருக்கும்போது அவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு மட்டும் கேக்கலாமா?"

"சொல்லுங்கண்ணே."

"இனிமே நான்தான் கடைசி. அது போகட்டும். நான் வந்து இறங்கினதும் உடனே எழுந்துடாதீங்கம்மா. நீங்க ஒருத்தர் உட்கார்ந்திருந்தாப் போதும். அக்கா இன்னும் எழுந்திருக்கலன்னு மத்தவங்களும் ரெண்டு நிமிஷம் நிப்பாங்க. எனக்கு ரெண்டு நிமிஷம் போதும், முட்டி இளகிடும்."

"ஐயோ, இதைக் கேக்கணுமாண்ணே? சத்தியமா எழுந்திருக்க மாட்டேன். நீங்க தண்ணி குடிச்சு முடிக்கிற வரைக்கும் எவன் கிளம்புறான்னு பாத்துடறேன்" என்றாள் பெரியவள். மனசாரத்தான் சொன்னாள். அந்த நிமிஷத்தில் அவள் சொன்னதில் ஒரு பொய் இல்லை.

சைக்கிள் கடையில் ஒரு பெண் இருந்தாள், கையெல்லாம் கிரீஸ். அவளே அளவு நாடாவை எடுத்து, பெரியவளை வெறுங்காலோடு சுவரோரம் நிற்கவைத்துத் தொடைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்தாள். இரண்டு வண்டியை எடுத்து வைத்தாள். ஒன்று பச்சை, முன்னால் ஸ்பிரிங், மெத்தை மாதிரி சீட். இன்னொன்று மண் நிறம், வளைந்த கைப்பிடி, பார்த்தாலே விறைப்பு.

"ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க. இது பிடிக்குதா, அது பிடிக்குதா?" என்றாள்.

இருபத்துநாலு வருஷமாகப் பெரியவள் கேட்ட கேள்வி. முதல்முறையாக எதிர்ப்பக்க நாற்காலியில் அவள்.

சிமெண்ட் கிடங்கின் பின்னால் ஜல்லி கொட்டின மைதானம் இருந்தது. பச்சை வண்டியில் ஒரு சுற்று, மண் நிற வண்டியில் ஒரு சுற்று. மறுபடி பச்சை, மறுபடி மண் நிறம். பச்சை சுகமாக இருந்தது. மிதித்தால் மட்டும் பாதி பலம் ஸ்பிரிங்கோடு அமுங்கிப் போயிற்று. மண் நிறம் முதலில் கையெல்லாம் உதறிவிட்டது. கடைப்பெண் கூடவே நடந்து வந்திருந்தாள். டயரில் கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிட்டு, "இப்ப போங்க" என்றாள். பெரியவள் போனாள். ஜல்லி அடியில் நொறுநொறுவென்று பேசியது, வண்டி அசரவில்லை. மிதித்த மிதி அத்தனையும் சக்கரத்துக்குப் போயிற்று. பிரேக்கை இரண்டு விரலால் தொட்டாள், நின்றது. அப்பாடா! அவளுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வியர்வையைத் துடைக்கிற சாக்கில் துடைத்துக்கொண்டாள்.

"இது" என்றாள். வாழ்க்கையில் அவள் சொன்ன முதல் 'இது'.

வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையில் கட்டில் கிடந்த இடத்தில் நிறுத்தினாள். அன்றைக்குச் சாயங்காலம் பார்த்து சின்னவள் வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா படுத்திருந்த இடத்துலயாக்கா சைக்கிளை வெச்சிருக்க? உனக்கு மனசே கிடையாதா?"

பதினோரு வருஷம் அந்த இடத்தைப் பெருக்கித் துடைத்தவளைப் பார்த்து, ஒரு வாளி தண்ணீர் தூக்காதவள் கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? பெரியவள் துணி எடுத்து சைக்கிளைத் துடைத்தாள். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று கல்லாகிவிட்டது. அது சின்னவள் மேல் விழ வேண்டிய கல். எங்கே போய் விழுந்தது என்பதுதான் கொடுமை.

ஒரு மாசம் வேலைக்குப் போகும்முன் விடிகாலையில் தனியாக ஓட்டிப் பழகினாள். எந்தக் கியரில் மேடு ஏறும், எங்கே குனிய வேண்டும், சரளை வருமுன் எவ்வளவு காற்றை விட வேண்டும், எல்லாம் உடம்பில் ஏறியது. பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தாள்.

தார் ரோட்டில் பத்தாவது கிலோமீட்டரில் பூட்டுக்காரரைத் தாண்டினாள். "போங்க, போங்க!" என்று அவர் கையைக் காட்டினார், முகமெல்லாம் சிரிப்பு. பாலத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது சின்னவள் அப்போதுதான் பாட்டிலைத் திறந்திருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அட, கார்டு பெட்டி நடுவுல மாட்டிக்கிச்சு!" என்றார் பல் டாக்டர்.

பெரியவள் வண்டியைச் சாய்த்துவிட்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்தாள். சுவர் குளிர்ச்சியாக இருந்தது, அது யாரும் அவளுக்குச் சொல்லாத விஷயம். காலை ஆட்டினாள். தண்ணீரை மெதுவாக, வாயில் வைத்து வைத்துக் குடித்தாள். கீழே வாய்க்காலில் ஒரு வாத்து போயிற்று, பார்த்தாள். கேப்டன் அவள் சைக்கிளைச் சுற்றி வந்து, "நல்ல வண்டிதான்க்கா, யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். "நானேதான் பாத்து வாங்கினேன்" என்றாள். ஆமாம், அப்படித்தான் சொன்னாள். ஐந்து நிமிஷம் போனது. அவ்வளவு நீளமான ஐந்து நிமிஷம் அவள் ஆயுசில் இருந்ததில்லை.

வளைவில் பூட்டுக்காரர் தெரிந்தார். கழுத்து முன்னால் நீண்டு, ஒரு முழங்கால் பக்கவாட்டில் வளைந்து, மிதிக்கு மிதி தலை ஆடிக்கொண்டு வந்தார். வந்து காலை ஊன்றினார். சைக்கிளை விட்டு இறங்காமலேயே பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தார்.

கேப்டன் எழுந்தார். இன்றைக்கு அவருக்கு விளையாட்டுப் புத்தி. "இன்னைக்கு அக்கா சொல்லட்டும். என்னக்கா, கிளம்பலாமா, இன்னும் கொஞ்சம் உட்காரலாமா?"

ஏழு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். இதுவா, அதுவா என்று அவளிடம் கேட்டுவிட்டு, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூட்டுக்காரரும் பார்த்தார். கவலையில்லாத பார்வை. வாக்கு வாங்கினவர் இல்லையா, என்ன சொல்லுவாள் என்று அவருக்குத் தெரியும். திறந்த பாட்டில் கையில் இருந்தது, இன்னும் குடிக்கவில்லை.

அவளுக்கு வாக்கு நினைவிருந்தது. மறந்துவிட்டாள் என்று சொல்லி அவளைக் காப்பாற்ற நான் தயாரில்லை. ஆனால் அந்தச் சுவரில் இருந்த ஆறு பேரும் அப்போது அவள் பக்கம். எதிர்ப்பக்கம் நின்றவர் ஒரே ஒரு கிழவர். எட்டு மாசம் அந்தப் பக்கம் நின்று பார்த்தவளுக்கு, மறுபடி அங்கே போகப் பயம். அதைவிடப் பெரிய உண்மை, அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

சுவரிலிருந்து குதித்து, பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டாள்.

"கடைசி ஆள்தான் வந்தாச்சே. கிளம்பலாமா?"

அடிப்பாவி!

"பாத்தீங்களா, புது வண்டி பேசுது!" என்று பல் டாக்டர் கைதட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். பூட்டுக்காரர் பாட்டிலைக் குனிந்து பார்த்தார். ஒரு வாய்கூடக் குடிக்காமல் மூடியைத் திருகி மூடினார்.

தண்ணீர்த் தொட்டி மேட்டில் இருபது நிமிஷம் நின்றார்கள். அவர் வரவில்லை. கேப்டன் போன் போட்டார். "முட்டி பிடிச்சுக்கிச்சு, நான் திரும்பிப் போறேன், நீங்க போங்க" என்றார் பூட்டுக்காரர். "அவரே போகச் சொல்லிட்டார்" என்றார் கேப்டன், முதுகில் அந்த வாசகத்தோடு. யாரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. பெரியவளுக்குப் போக ஆசைதான். போய்விட்டு வந்தால் அவள்தான் கடைசி ஆகிவிடுவாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், சைக்கிள் பூட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி வேண்டும் என்ற சாக்கில் மாடிப்படிக்கு அடியில் போனாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வழக்கம்போல் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். சாவியை வெட்டி, பிசிறு தேய்த்து, ஊதிக் கொடுத்தார். ஒரு முழங்காலில் துணிக்கட்டு.

"வண்டி நல்லா அமைஞ்சிருச்சும்மா. சரளை வரும்போது பின் டயர்ல மட்டும் இன்னும் கொஞ்சம் காத்தைக் குறைங்க."

"அண்ணே, நேத்து..."

"அது போகட்டும்."

"அடுத்த வாரம் வருவீங்கல்ல?"

"இல்லம்மா. இனிமே ஞாயித்துக்கிழமையும் கடையைத் திறக்கலாம்னு இருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை பஜாரே மூடியிருக்குமே. யாருண்ணே வருவாங்க பூட்டுக்கு?"

"யாரும் வரமாட்டாங்க" என்றார் பூட்டுக்காரர். "உட்காரலாம்ல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவள் பாலத்துக்கு வந்தாள். நன்றாகத்தான் ஓட்டினாள், முந்தின வாரத்தைவிட ஒரு நிமிஷம் வேகம். சின்னவளுக்கு ஐம்பது அடி பின்னால்தான் வந்தாள். வண்டியைச் சாய்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். தனக்கும் பூட்டுக்காரருக்குமாக இரண்டு ஆள் இடம் காலியாக இருந்தது. பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள். ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். வளைவுவரை வெறும் ரோடு. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பின்னால் சுவரிலிருந்து ஒவ்வொருத்தராகக் குதிக்கிற சத்தம் கேட்டது. சின்னவள் முதலில் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டாள்.

"கார்டு பெட்டி வந்தாச்சு" என்றாள். "கிளம்பலாமா?"

பெரியவள் மூடியைத் திருகி மூடினாள்.